கைபேசியில் கல்லூரிப் பாடம்: கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும், எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

1960களில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய ரகத்தோடு ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ஏ.டி.டி.27 தான் அது. குறுவைக்கு ஏற்ற அந்த ரகத்தைப் பற்றி வானொலியில் கேட்டுத்தான் விவசாயிகள் தேடிப் போய் விதை வாங்கினார்கள். அதனால் கடையில் கேட்கும்போதே ‘ரேடியோ நெல் இருக்கா?’ என்று கேட்கிற அளவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

தொழில்நுட்பம் வழியாகப் பாடம் கற்பது நம் விவசாயக் குடும்பங்களுக்குப் புதிதில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி. வானொலியில் ‘பண்ணைப் பள்ளி’ கேட்டவர்கள், தொலைக்காட்சியில் ‘வயலும் வாழ்வும்’ பார்த்தவர்கள், இப்போது உழவன் செயலியில் உரக் கையிருப்பும் மானிய விவரமும் பார்ப்பவர்கள் எல்லாம் அந்த வரிசையில் வருகிறவர்கள்தான். ஆனால், அதே வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகனோ மகளோ செல்போனைக் கையில் எடுத்தால், ‘எப்பப் பாரு போனு’ என்று சத்தம் கிளம்புகிறது. சத்தம் போடுவதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, அந்தப் போனுக்குள் என்ன இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியாததால் வருவது.

தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இப்போது கூடியிருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு கல்லூரிக்குள் நுழையும் முதல் தலைமுறை மாணவர்கள் பலர், முதல் செமஸ்டரிலேயே தடுமாறுகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில், வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூச்சம், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இரண்டு பாடத்தில் அரியர் விழுந்தால், அடுத்த செமஸ்டரில் நான்காகிறது. நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணம், மாதா மாதம் கட்டும் விடுதிப் பணம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் தன்னம்பிக்கை என்று இழப்பு பெரிது. டியூஷன் வைக்க ஊரில் வழியில்லை. நகரத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது அடைக்கக்கூடிய பொருள், செலவில்லாமல், அந்தப் போனுக்குள்ளேயே கிடக்கிறது.

ஐஐடி வகுப்பு, வீட்டுத் திண்ணையில்

பம்பாய், டெல்லி, கான்பூர், கரக்பூர், சென்னை, கவுகாத்தி, ரூர்க்கி ஆகிய ஏழு ஊர்களின் ஐஐடிகளும், பெங்களூரு இந்திய அறிவியல் நிலையமும் சேர்ந்து 2003-ம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘என்பிடெல்’. மத்திய அரசின் பணத்தில் நடப்பது. அந்த நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். 2014-ம் ஆண்டிலிருந்து, பாடத்தைக் கேட்டு, தேர்வும் எழுதினால் சான்றிதழ் தருகிறார்கள். 2017 ஜூலையில் மத்திய அரசு ‘ஸ்வயம்’ என்ற பெரிய தளத்தைத் தொடங்கியபோது, என்பிடெல் பாடங்களும் அதற்குள் வந்துவிட்டன.

ஒரு பாடம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், ‘பதிவு செய்துவிட்டேன்’ என்று சொல்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுவது இந்த நடைமுறை புரியாமல்தான்.

ஆண்டுக்கு இரண்டு பருவம். ஒன்று ஜனவரியிலும் மற்றொன்று ஜூலையிலும் தொடங்கும். பாடங்கள் 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என மூன்று அளவில் இருக்கும். பதிவு செய்ய ஒரு மின்னஞ்சல் முகவரி போதும், கட்டணம் கிடையாது. ஒவ்வொரு வாரமும் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கான வீடியோக்களைச் சிறு சிறு துண்டுகளாகத் திறந்துவிடுவார்கள். அந்த வாரப் பாடத்திலிருந்து கேள்விகள் கொண்ட ஒப்படைப்பு ஒன்று வரும். அதை இணையத்திலேயே பதில் குறித்து அனுப்ப வேண்டும். அதற்குக் கடைசித் தேதி உண்டு. தேதி தாண்டினால் அந்த வாரத்து மதிப்பெண் போனது போனதுதான், கெஞ்சினாலும் வராது. அறுவடை நேரம், ஊர்த் திருவிழா என்று ஓரிரு வாரம் தவறினால் பயப்பட வேண்டியதில்லை. 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 8 ஒப்படைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு சராசரி போடுகிறார்கள். 8 வாரப் பாடத்தில் 6. 4 வாரப் பாடத்தில் 3.

சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய சான்று காட்டினால் பாதிக் கட்டணம். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. தேர்வு மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும். இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருப்பதே அதனால்தான்.

மதிப்பெண் கணக்கு இப்படி: ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75. ஒப்படைப்புகளில் சராசரி 80 மதிப்பெண் எடுத்த மாணவிக்கு 25-க்கு 20 வரும். தேர்வில் 100-க்கு 60 எடுத்தால், 75-க்கு 45. கூட்டினால் 65. நாற்பது எடுத்தாலே தேர்ச்சி. அறுபதைத் தாண்டியதால் ‘எலைட்’ என்று சான்றிதழில் குறித்துத் தருவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒப்படைப்பில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒப்படைப்புக்கான விடையை வாட்ஸ்அப் குழுவில் வாங்கிக் காப்பியடித்து 25-க்கு 25 எடுத்தவர், தேர்வு அறையில் 30 எடுக்க முடியாமல் விழுகிறார். 1,000 ரூபாயும் மூன்று மாதமும் வீண்.

கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு செமஸ்டரில் நடத்தும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து, அந்த மதிப்பெண்ணைப் பட்டப்படிப்பிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் விதி வகுத்திருக்கிறது. அதற்கு முன்பு இந்த அளவு 20 சதவீதம். ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, இந்தப் பாடத்தை நம் கல்லூரி ஏற்குமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுவிடுவது நல்லது. பல கல்லூரிகளில் என்பிடெல் உள்ளூர்க் கிளை இருக்கிறது. அதற்கென்று ஒரு பேராசிரியரைப் பொறுப்பாளராகப் போட்டிருப்பார்கள். அவர் யார் என்று தெரியாமலேயே மூன்று வருடம் படித்து முடிக்கிற பிள்ளைகளும் உண்டு. முதல் மாதத்திலேயே அவரைப் போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சான்றிதழ் வேண்டாம், பாடம் புரிந்தால் போதும் என்பவர்களுக்குக் கட்டணமும் இல்லை, கெடுவும் இல்லை. பழைய பாடங்கள் எல்லாம் யூடியூபில் அப்படியே கிடக்கின்றன. அரியர் வைத்திருக்கும் மாணவருக்கு உண்மையில் உதவுவது இதுதான். வகுப்பில் 50 நிமிடத்தில் ஓடிவிட்ட பாடத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, நான்கு முறை கேட்கலாம். ஐந்தாவது முறை கேட்டால் யாரும் முறைக்கப் போவதில்லை.

ஆங்கிலம் என்ற வரப்பு

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்குப் பாடத்தை விட ஆங்கிலமே பெரிய வரப்பாக நிற்கிறது. ஐஐடி பேராசிரியர் வங்காள உச்சரிப்பிலோ இந்தி உச்சரிப்பிலோ வேகமாகப் பேசினால், முதல் பத்து நிமிடத்திலேயே போனைக் கீழே வைத்துவிடத் தோன்றும். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வீடியோவின் வேகத்தை முக்கால்வாசிக்குக் குறைத்துக்கொள்ளலாம். கீழே எழுத்து வரும்படி வைத்துக்கொண்டு, படித்தபடியே கேட்கலாம். மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: என்பிடெல் தன் பாடங்களில் பலவற்றின் உரையைத் தமிழிலும் மொழிபெயர்த்து, இறக்கிக்கொள்ளும் வகையில் வைத்திருக்கிறது.

தமிழில் ஒருமுறை படித்துப் பொருளை வாங்கிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்பதுதான் பலன் தரும் வரிசை. தமிழிலேயே நின்றுவிட்டால் செமஸ்டர் தேர்வுத் தாளில் ஆங்கிலக் கேள்வி புரியாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான படிப்புகளில் தேர்வு இன்னும் ஆங்கிலத்தில்தான்.

கணினியே தொட்டதில்லை என்கிற கலைக் கல்லூரி மாணவர்களுக்கு, பம்பாய் ஐஐடி நடத்தும் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பொருத்தமானது. பத்து நிமிட அளவில் ஒவ்வொரு பாடம்; தமிழ்க் குரலிலேயே கிடைக்கிறது. கடிதம் தட்டச்சு செய்வது, கணக்கு அட்டவணை போடுவது, லினக்ஸ், பைத்தான் நிரல் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லித் தருகிறார்கள். திரையில் ஒரு பக்கம் பாடம் ஓட, மறுபக்கம் தானும் செய்து பார்க்க வேண்டும் என்பது அதன் முறை. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தனியாகக் கற்பவரை மனதில் வைத்தே தயாரித்திருக்கிறார்கள்.

தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைக்கு, 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பின் மின்நூலகம் இருக்கிறது. சங்க இலக்கியம் முதல் அகராதிகள் வரை காசில்லாமல் படிக்கலாம். மாவட்டத் தலைநகர் நூலகத்துக்குப் பஸ் ஏறிப் போய், ‘அந்தப் புத்தகம் வெளியே போயிருக்கு’ என்று கேட்டுத் திரும்பிய காலம் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. எல்லாத் துறைக்கும் பொதுவாக, கரக்பூர் ஐஐடி பராமரிக்கும் தேசிய மின்நூலகமும், முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ‘சோத்கங்கா’வும் உள்ளன.

டேட்டா தீர்ந்துவிடுமே என்ற கவலைக்கு ஒரு சின்னக் கணக்கு. நடுத்தரத் தெளிவில் ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் 300 எம்.பி. போகும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்றால், ஒரு ஜி.பி.க்குள் அடங்கும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. வருகிற ரீசார்ஜில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. சினிமாப் பாட்டும் ரீல்ஸும் தின்பதுதான் அதிகம். உண்மையான தொல்லை சிக்னல். கல்லூரியில் வைஃபை இருக்கும்போதோ, கூட்டம் குறைந்த விடியற்காலையிலோ வீடியோக்களை இறக்கி வைத்துக்கொண்டால், மோட்டார் ரூமில் உட்கார்ந்துகூடப் பார்க்கலாம்.

இணையமே எட்டாத ஊர்களுக்கு ‘ஸ்வயம் பிரபா’ என்ற பெயரில் தொலைக்காட்சி அலைவரிசைகள் இருக்கின்றன. டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி இருந்தால் மாதக் கட்டணமின்றி வரும். தினமும் குறைந்தது நான்கு மணி நேரம் புதிய பாடம். அதையே அன்றைக்கு இன்னும் ஐந்து முறை மறு ஒளிபரப்பு செய்கிறார்கள். பால் கறந்து, மாட்டைக் கட்டிவிட்டு வந்தும் பார்க்கலாம் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சீரியல் நேரத்தில் ரிமோட் யார் கையில் என்பது அந்தந்த வீட்டுப் பிரச்னை.

வேளாண்மை படிக்கும் பிள்ளைகளுக்கு

வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை மருத்துவம், மீன்வளம், பால்வளத் தொழில்நுட்பம், வேளாண் பொறியியல், மனையியல் ஆகிய இளநிலைப் படிப்புகளின் பாடங்களை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மின்பாடங்களாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தகவல் தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், மாணவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ‘நைட்ரஜன் இம்மொபிலைசேஷன்’ என்று மனப்பாடம் செய்ததை, மட்காத வைக்கோலை அப்படியே உழுதால் பயிர் சில வாரம் மஞ்சளாக நிற்குமே, அதுதான் என்று தமிழில் படிக்கும்போது விவசாயி வீட்டுப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

கான்பூர் ஐஐடி, காமன்வெல்த் கற்றல் அமைப்போடு சேர்ந்து வேளாண் பாடங்களுக்கென்றே ‘அக்மூக்ஸ்’ என்ற தனித் திட்டத்தை நடத்தியிருக்கிறது. என்பிடெல்லிலும் கரக்பூர் ஐஐடியின் வேளாண் பொறியியல் துறைப் பேராசிரியர்கள் மண், நீர்ப் பாதுகாப்பு, அங்கக வேளாண்மை போன்றவற்றில் பாடம் எடுக்கிறார்கள். இவற்றில் சேர வயது வரம்பு இல்லை. பத்து வருடமாக இயற்கை முறையில் விவசாயம் செய்யும் ஒரு தகப்பனார், கல்லூரியில் படிக்கும் மகளோடு சேர்ந்து அங்கக வேளாண்மைப் பாடத்தில் பதிவு செய்தால் யாரும் தடுக்க முடியாது. இருவரில் யாருக்கு மதிப்பெண் அதிகம் வருகிறது என்று பார்ப்பதும் ஒரு சுவாரஸ்யம்தான்.

ஆனால் எதைத் திரையில் கற்க முடியும், எதைக் கற்க முடியாது என்பதை வேளாண்மையை வைத்தே தெளிவாகச் சொல்லிவிடலாம். இலை வண்ண அட்டையை எடுத்துக்கொள்வோம். நெற்பயிருக்குத் தழைச்சத்து எப்போது வேண்டும் என்று பார்க்க, முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு வைத்து ஒப்பிட வேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள், தன் நிழல் இலையின் மேல் விழும்படி நின்று, பத்து இலைகளில் பார்க்க வேண்டும். இந்த முறையை வீடியோ அருமையாகச் சொல்லித் தரும். ஆனால் ஒவ்வொரு போனின் திரையும் பச்சையை ஒவ்வொரு விதமாகக் காட்டும். மூன்றாம் எண் பச்சைக்கும் நான்காம் எண் பச்சைக்கும் உள்ள வித்தியாசத்தை வயலில் இறங்கி நின்ற கண்தான் பழகிக்கொள்ளும். மண் மாதிரி எடுப்பதும் அப்படித்தான். வி வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்து, கால் கால் பங்காகக் கழித்து அரைக் கிலோவாக்குவதைப் பத்து முறை பார்த்தவரை விட, ஒரு முறை செய்தவருக்கே தெரியும்.

புகையான் விஷயமும் இதுதான். படத்தில் பெரிதாக்கிக் காட்டிய பூச்சியை எந்த மாணவரும் அடையாளம் சொல்லிவிடுவார். வயலில் அது தூர்க்கட்டையில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒளிந்திருக்கும். பயிரை விலக்கிக் குனிந்து பார்க்கிற பழக்கம் இல்லாதவருக்கு, வட்ட வட்டமாகக் காய்ந்த பிறகுதான் தெரிய வரும்.

இறுதியாண்டு வேளாண் மாணவர்கள் ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமங்களில் வந்து தங்குவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். அந்தக் காலம் திரையால் நிரப்ப முடியாத காலம். ‘படிக்கிற பசங்களுக்கு என்ன தெரியும்’ என்று ஒதுக்காமல், அவர்களை வயலுக்குள் இறக்கிவிடும் விவசாயி அந்தப் பட்டப்படிப்பில் ஒரு பாடத்தை நடத்துகிறார் என்றே சொல்லலாம்.

ஏமாறும் இடங்கள்

இந்த வித்தியாசம் தெரியாததை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. ‘வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் பி.எஸ்சி. அக்ரி, ஆன்லைனில் தேர்வு, உரக்கடை லைசென்ஸுக்கு உதவும்’ என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் உண்டு. தொலைநிலைக் கல்வியில் வேளாண்மைப் பட்டம் வழங்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே தடை விதித்துவிட்டது. ஆய்வுக்கூடமும் வயலும் இல்லாமல் வேளாண்மைப் பட்டம் தர முடியாது என்பதே காரணம். அங்கக வேளாண்மை, கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு போன்றவற்றில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ்ப் படிப்புகள் வேறு, பட்டம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று கட்டிவிட்டால், அந்தக் காகிதத்தை எந்த அலுவலகமும் ஏற்காது. அஞ்சல் வழியோ ஆன்லைனோ, எந்தப் பட்டத்தில் சேர்வதாக இருந்தாலும், அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. படிப்பின் பெயரும் இருக்க வேண்டும்.

இன்னொரு வகை, வேலை உத்தரவாதம் என்று சொல்லும் தனியார் ஆன்லைன் பயிற்சிகள். மாதத் தவணை என்பார்கள். கவனித்துப் பார்த்தால் அது தகப்பன் பெயரில் ஒரு நிதி நிறுவனத்திடம் வாங்கப்படும் கடனாக இருக்கும். பிள்ளை இரண்டாவது மாதமே பயிற்சியை விட்டுவிட்டாலும் தவணை நிற்காது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கப் போகும்போது பழைய பாக்கி என்று காட்டும். போனில் வரும் ஓடிபி எண்ணை, ‘அட்மிஷனுக்காக’ என்று கேட்பவரிடம் சொல்வதற்கு முன், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று நிதானிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கிற அதே பாடத்துக்குத்தான் சில இடங்களில் இப்படிக் கடன் வாங்க வைக்கிறார்கள் என்பது வயிற்றெரிச்சலான விஷயம்.

நம்பகமான ஆன்லைன் பட்டமும் இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டம் அதற்கு உதாரணம். ஜேஇஇ எழுதாதவர்களும் விண்ணப்பிக்கலாம். முதலில் நான்கு வாரப் பாடம், அதன் பிறகு ஒரு தகுதித் தேர்வு, தேறினால் இடம். பாடம் இணையத்தில், தேர்வு நேரில். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. இடையில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த நிலைக்கு ஏற்ப டிப்ளமோ போன்ற சான்று கிடைக்கும். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க மானியக் குழு அனுமதித்திருப்பதால், பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். ஆனால் கணக்கு வராத பிள்ளையை, ஐஐடி என்ற பெயருக்காக இதில் தள்ளக் கூடாது. புள்ளியியலும் நிரல் எழுதுவதும் ஆரம்பத்திலேயே வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இந்தப் பத்தியை எளிய தமிழில் விளக்கு’ என்று கேட்டுப் புரிந்துகொள்வது நல்ல பயன்பாடு. ‘இந்தக் கேள்விக்கு விடை எழுது’ என்று கேட்டு அப்படியே ஒட்டுவது, பூச்சி எது என்று பார்க்காமல் கடைக்காரர் கொடுத்த மருந்தை அடிப்பது மாதிரி. அந்தச் செயலிகள் தவறான தகவலையும் தயங்காமல் சொல்லும். பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது கருவி.

வீட்டில் செய்ய வேண்டியது

ரேடியோ நெல் பரவியது ரேடியோவால் மட்டும் அல்ல. அப்போது தஞ்சாவூரில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. வானொலியில் கேட்டவரிடம் மறுநாள் கிராம சேவக் வந்து விதையைப் பற்றிப் பேசினார். உரம் சங்கத்தில் கிடைத்தது. பக்கத்து வயலில் செயல்விளக்கத் திடல் இருந்தது. சொன்ன குரலுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். இணையவழிப் பாடத்தில் அந்த ஆட்கள்தான் காணாமல் போகிறார்கள். உலகம் முழுக்கவே இப்படிப்பட்ட இலவசப் பாடங்களில் பதிவு செய்பவர்களில் முடிப்பவர்கள் மிகக் குறைவு.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்த இடத்தில் நிற்க முடியும். ‘இந்த வாரத்து ஒப்படைப்பு அனுப்பிட்டியா? எப்ப கடைசி நாள்?’ என்று வாரம் ஒரு முறை கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒரே பாடத்தில் மூன்று, நான்கு பிள்ளைகள் சேர்ந்து பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ உட்கார்ந்து பேசினால், பாதியில் விடுவது வெகுவாகக் குறையும்.

பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு நல்ல போன். அது காலையில் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும், மாலையில் அண்ணன் கையில் இருக்கும். மகளுக்குக் கிடைப்பது எல்லோரும் தூங்கிய பிறகு. ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அந்த மகளின் வங்கிக் கணக்கில் வருகிறது என்றால், அதில் ரீசார்ஜ் முதல் செலவாக இருக்கட்டும். போன் அவளுக்கு என்று தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கப்படட்டும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்த வீட்டுக்கு, ஒரு போனுக்கு முறை வைப்பது பெரிய காரியமில்லை.

லேப்டாப் வாங்கியே ஆக வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பாடம் கேட்க, ஒப்படைப்பு அனுப்பப் போன் போதும். நிரல் எழுதுவது, வரைபடம் போடுவது, புராஜெக்ட் அறிக்கை தயாரிப்பது ஆகியவற்றுக்குக் கணினி தேவை. முதல் வருடத்தில் கல்லூரிக் கணினி ஆய்வுக்கூடத்தையே முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். பத்து சதவீத வட்டிக்கு நகையை வைத்து 50,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்குவது அவசரப்பட்டுச் செய்கிற வேலை. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. தங்கள் கல்லூரிக்கு எப்போது, எந்த ஆண்டு மாணவர்களுக்கு என்று அலுவலகத்தில் விசாரித்த பிறகு முடிவெடுக்கலாம்.

2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினி பல வீடுகளில் அண்ணனோ அக்காவோ படித்து முடித்த பிறகு பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிறது. ‘ரொம்ப மெதுவா ஓடுது’ என்று ஒதுக்கியதாக இருக்கும். பேட்டரி போயிருந்தாலும் மின்சாரத்தில் செருகி ஓட்டலாம். கனமான மென்பொருளை நீக்கிவிட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினால், பாடம் பார்க்கவும் தட்டச்சு செய்யவும் பைத்தான் எழுதவும் அது தாங்கும். லினக்ஸ் இலவசம். அதைப் பயன்படுத்துவது எப்படி என்பதை முன்னே சொன்ன ஸ்போக்கன் டுடோரியலில் தமிழிலேயே கற்றுக்கொள்ளலாம். ஏற்றித் தரத் தெரிந்த மாணவர் ஒருவர் எந்தக் கல்லூரியின் கணினித் துறையிலும் இருப்பார். ஒரு டீ, வடைக்கு அந்த வேலை முடிந்துவிடும்.